குலைநோயை வெல்ல, பூசணத்தின் சம்பந்த முறை தெரிய வேண்டும்

மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும் புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் வட்டாரத்து நெல் விவசாயிகளின் பார்வை பயிரின் கழுத்துக்குப் போய்விடுகிறது. இரவில் குளிர், விடிந்து வெகுநேரம் வரை இலையில் பனி, பகலில் மேகமூட்டம். இந்த மூன்றும் சேர்ந்து நாலைந்து நாள் நீடித்தால் போதும். இலைகளில் கண் வடிவத்தில் புள்ளிகள் தோன்றும். புள்ளியின் நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமும் இருக்கும். கதிர் வெளிவந்த பிறகு நோய் கழுத்தைப் பிடித்தால், கழுத்து கறுத்து, கதிர் ஒடிந்து தொங்கும். பால் ஏறாத மணிகள் சாவியாகிவிடும். கண்மாய்த் தண்ணீரை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம் எடுக்கும் சிறு விவசாயிக்கு அதற்குப் பிறகு மிஞ்சுவது வைக்கோலும் கடனும்தான்.

குலைநோய் கண்டதும் வழக்கமாக நடப்பது என்ன? ஒருவர் மருந்துக் கடைக்கு ஓடுகிறார். இன்னொருவர் விதை கொடுத்தவரைக் குறை சொல்கிறார். மூன்றாமவர் வானத்தைக் குறை சொல்கிறார். “முன்பு நன்றாகத் தாங்கிய இரகம் இப்போது ஏன் படுத்துவிட்டது?” என்ற கேள்விக்கு மட்டும் தெளிவான பதில் கிடைப்பதில்லை. உண்மையில் அந்த இரகம் மாறவில்லை. மாறியது பூசணம். அது எந்த வழியில் மாறுகிறது, எப்போது வேகமாக மாறுகிறது என்பதை அறியாமல் மருந்தையும் புது இரகத்தையும் மட்டுமே நம்புவது, ஓட்டைச் சாலில் தண்ணீர் இறைப்பது போன்றதுதான்.

தஞ்சையில் தொடங்கிய கதை

குலைநோய் இந்தியாவில் முதலில் பதிவானது தஞ்சைப் பகுதியில், 1913-ம் ஆண்டில். 1919-ல் அதே டெல்டாவில் அது பெரும் சேதம் விளைவித்தது. அதன் பிறகே அன்றைய சென்னை மாகாண விவசாய இலாகா இந்நோயை முழு மூச்சுடன் கவனிக்கத் தொடங்கியது. கோயமுத்தூரில் கோ 4 என்ற இரகம் நோயைத் தாங்குவது கண்டறியப்பட்டது. அதை ஆடுதுறை 10 இரகத்துடன் சேர்த்துக் கோ 25 உருவாக்கப்பட்டது. எதிர்ப்புச் சக்தியுள்ள இரகத்தைக் கொடுத்தால் நோய் அடங்கிவிடும் என்ற நம்பிக்கை அன்று இருந்தது.

அந்த நம்பிக்கை பாதி பலித்தது, பாதி பலிக்கவில்லை. ஓர் இரகம் சில ஆண்டுகள் தாங்கும். பிறகு பூசணத்தில் புதிய இனம் ஒன்று தலைதூக்கி, அதே இரகத்தைத் தாக்கும். விஞ்ஞானிகள் வேறோர் எதிர்ப்பு ஜீனைச் சேர்த்துப் புது இரகம் கொடுப்பார்கள். அதற்கும் சில ஆண்டுகளில் அதே கதி நேரும். உலகில் நெல் விளையும் நாடுகள் பலவற்றிலும் இதே கதைதான்.

இதற்கிடையே சந்தையின் விருப்பம் வேறு பக்கம் இழுக்கிறது. ஆந்திர மாநிலம் பாபட்லாவிலிருந்து 1986-ல் வெளிவந்த பி.பி.டி. 5204 என்ற சன்ன இரகம் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு நன்கு அறிமுகமானது. அரிசி நயமானது, விலையும் கிடைக்கும். ஆனால் குலைநோய்க்கு எளிதில் இரையாகும் இரகம் அது. வெள்ளைப் பொன்னியும் இந்நோய்க்கு ஆளாகக் கூடியதே. வியாபாரி கேட்பதைப் பயிரிட்டு, நோய்க்குச் செலவழித்து, மிஞ்சியதை விற்கும் நிலையில்தான் சிறு விவசாயி இருக்கிறார்.

பங்காளியும் மாமன் மச்சானும்

பூசணம் இரண்டு வழிகளில் பெருகுகிறது. முதல் வழி, கரும்புக் கரணை நடுவது போன்றது. இலையில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் இரவுதோறும் ஆயிரக்கணக்கான வித்துகளை உதிர்க்கிறது. கண்ணுக்குத் தெரியாத, பேரிக்காய் வடிவமுள்ள இந்த வித்துகள் காற்றில் பறந்து அடுத்த வயலுக்குப் போகின்றன. இவை எல்லாம் தாயின் அச்சு. கரணையில் முளைத்த கரும்பு தாய்க்கரும்பைப் போலவே இருப்பதுபோல, இவையும் தாய்ப் பூசணத்தைப் போலவே இருக்கும். கீரனூர் வயல்களில் ஒரு பருவத்தில் நோய் பரவுவது இந்த வழியில்தான்.

இரண்டாவது வழி சம்பந்தம். இரண்டு பூசணங்கள் இணைந்து, இரண்டின் குணங்களும் கலந்த வாரிசுகளை உண்டாக்குவது. பூசணங்களில் இப்படி ஒரு முறை உண்டு என்பதை 1904-ல் அமெரிக்க விஞ்ஞானி பிளேக்ஸ்லீ வெளியிட்டார். ரொட்டியில் பூக்கும் பூசணத்தைப் போன்றவற்றை வளர்த்துப் பார்த்தபோது, சில பூசணங்கள் எந்தப் பூசணத்துடனும் இணைவதில்லை, குறிப்பிட்ட சிலவற்றோடு மட்டுமே இணைகின்றன என்று அவர் கண்டார். இரண்டு வகைக்கும் தோற்றத்தில் வேறுபாடு இல்லாததால், ஆண், பெண் என்று சொல்லாமல் கூட்டல், கழித்தல் என்று பெயரிட்டார்.

தமிழ்நாட்டுக் கிராமத்தாருக்கு இது புரியாத கணக்கு அல்ல. பங்காளிகளுக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இல்லை. மாமன் மச்சான் முறை இருந்தால்தான் சம்பந்தம் பேசலாம். பூசணத்திலும் அப்படியே. குலைநோய்ப் பூசணத்தில் இரண்டு வகையறாக்கள் உண்டு. ஒரே வகையறாவைச் சேர்ந்த இரண்டு பூசணங்கள் பங்காளிகள். அவை பக்கத்துப் பக்கத்து இலையில் இருந்தாலும் இணைவதில்லை. எதிர் வகையறா வந்தால்தான் சம்பந்தம்.

குலைநோய்ப் பூசணத்துக்கு இப்படி ஒரு சம்பந்த முறை இருக்கிறது என்பதே 1971-ல்தான் வெளியாயிற்று. அமெரிக்காவில் ஹெபர்ட் என்ற விஞ்ஞானி, ஒருவகைப் புல்லிலிருந்து எடுத்த இதே குடும்பப் பூசணங்களைச் சோதனைச்சாலையில் சேர்த்து வளர்த்தார். கறுப்பு நிறத்தில் குடுவை போன்ற மிகச் சிறிய காய்கள் தோன்றின. காய்க்குள்ளே சிறு பைகள், ஒவ்வொரு பையிலும் எட்டு வித்துகள். அந்த எட்டில் நான்கு ஒரு வகையறா, நான்கு மற்ற வகையறா. தஞ்சையில் நோய் பதிவாகி 58 ஆண்டுகள் கழித்தே நோய்க்காரணியின் குடும்ப வாழ்க்கை தெரியவந்தது.

ஒரே இடத்தில் இரு வேறு ஜீன்கள்

இந்த வகையறாவை முடிவு செய்வது எது? பூசணத்தின் குரோமோசோம் ஒன்றில் குறிப்பிட்ட ஓர் இடம் இருக்கிறது. எல்லாக் குலைநோய்ப் பூசணத்திலும் அந்த இடம் ஒன்றுதான். ஆனால் அதில் உட்கார்ந்திருக்கும் ஜீன் ஒன்றல்ல. முதல் வகையறாவில் ஒரு ஜீன், இரண்டாம் வகையறாவில் அதற்குச் சற்றும் ஒத்துப்போகாத வேறொரு ஜீன். கதவு ஒன்று, பூட்டு வேறு என்பது போன்ற ஏற்பாடு இது.

இந்த ஜீன் தானே எதையும் கட்டுவதில்லை. மதகுக்காரரைப் போல, மற்ற ஜீன்களில் எதைத் திறப்பது, எதை அடைப்பது என்று உத்தரவிடுவது இதன் வேலை. முதல் வகையறாவின் ஜீன் ஒருவிதச் சமிக்ஞைப் பொருளைச் சுரக்க வைக்கிறது. இரண்டாம் வகையறாவின் ஜீன் வேறுவிதப் பொருளைச் சுரக்க வைக்கிறது. எதிர் வகையறாவின் சமிக்ஞையை உணர்ந்துகொள்ளும் உறுப்புகளும் உண்டு. ஒன்றை ஒன்று அடையாளம் கண்ட பிறகே காய் பிடிக்கும் வேலை தொடங்குகிறது.

காய்க்குள்ளே இரண்டு பூசணங்களின் உட்கருக்களும் ஒன்றாகிப் பின் பிரிகின்றன. அப்போது ஜீன்கள் சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல் கலைந்து, வாரிசுகளுக்குப் பங்கிடப்படுகின்றன. பெற்றோர் இரண்டும் 10 ஜீன்களில் வேறுபட்டிருந்தால், வாரிசுகளில் 1,024 விதச் சேர்க்கைகள் வரலாம். ஒரு பூசணம் ஒரு நெல் இரகத்தை வெல்லும் திறமை உடையது, மற்றது வேறோர் இரகத்தை வெல்லக் கூடியது என்றால், இரண்டையும் வெல்லக் கூடிய பிள்ளை ஒரே தலைமுறையில் பிறந்துவிடலாம். விவசாயி அஞ்ச வேண்டியது இந்த இடத்தைத்தான்.

இதில் கோயமுத்தூரின் பெயரும் உலக ஆராய்ச்சியில் பதிந்திருக்கிறது. கோ 39 என்ற நெல் இரகம் குலைநோயை எளிதில் வாங்கிக்கொள்ளும். அதனாலேயே பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், எதிர்ப்பு ஜீன்களைச் சோதித்துப் பார்க்கும் அடிப்படை இரகமாக அதைப் பயன்படுத்தியது. ஒருவகைப் புல்லைத் தாக்கும் பூசணத்தை நெல் பூசணத்துடன் விஞ்ஞானிகள் இணைத்துப் பார்த்தபோது, பிறந்த வாரிசுகளில் சில மட்டும் கோ 39-ஐத் தாக்க முடியாமல் தோற்றன. புல் பூசணத்திலிருந்து வந்த ஒரு ஜீன் அந்த வாரிசுகளைக் காட்டிக் கொடுத்துவிட்டது. கோ 39-இல் அதை அடையாளம் காணும் எதிர்ப்பு ஜீன் இருந்தது. அந்தப் பூசண ஜீனுக்கே கோ 39 என்ற பெயர் சேர்த்து வழங்கப்படுகிறது. நெல்லைத் தாக்கும் பூசணங்களில் பெரும்பாலானவற்றில் அந்த ஜீன் இல்லை. அதனால்தான் அவை கோ 39-ஐச் சிரமமின்றித் தாக்குகின்றன. சம்பந்தத்தில் எந்த ஜீன் சேர்கிறது, எது விடுபடுகிறது என்பதைப் பொறுத்து, தாக்கும் திறமை கூடவும் செய்யும், குறையவும் செய்யும் என்பதற்கு இது நல்ல சான்று.

தாய்மை இழந்த பூசணம்

அப்படியானால் ஒவ்வொரு ஆண்டும் கீரனூர் வயல்களில் ஆயிரம் புது இனங்கள் பிறக்கின்றனவா? இல்லை. அந்த அளவில் விவசாயிகளுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது.

உலகின் பல நாடுகளில் நெல் குலைநோய்ப் பூசணத்தை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலான இடங்களில் ஒரே வகையறாதான் மிகுதியாக இருக்கிறது. ஊரெல்லாம் பங்காளியாக இருந்தால் சம்பந்தம் எங்கே நடக்கும்? இன்னொரு தடையும் உண்டு. காய் பிடிக்க வேண்டுமானால் இணையும் இரண்டில் ஒன்றாவது தாயாகும் சக்தி உடையதாக இருக்க வேண்டும். நெல்லைத் தாக்கும் பூசணங்களில் மிகப் பல இந்தச் சக்தியை இழந்துவிட்டன. தந்தையாக மட்டுமே இருக்க முடியும். காரணம் எளிமையானது. வித்துகளைக் காற்றில் உதிர்த்தே ஆண்டுக்கு ஆண்டு பெருகிவிட முடியும்போது, காய் பிடிக்க உதவும் ஜீன்கள் உபயோகமற்றுப் போகின்றன. உழுவதை நிறுத்திய ஏர் மூலையில் கிடந்து கறையான் அரிப்பது போல, அவையும் கெட்டுப்போகின்றன.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி இல்லை. இமயமலைப் பகுதி நெல் வயல்களில் இரண்டு வகையறாக்களும் காணப்பட்டதை 1999-ல் வெளியான ஆய்வு காட்டியது. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் தாயாகும் சக்தி குன்றாத பூசணங்களும், சம்பந்தம் நடந்ததற்கான மரபுச் சுவடுகளும் இருப்பதாக 2012-ல் வெளியான ஆய்வு கூறியது. குலைநோய்ப் பூசணத்தின் கறுப்புக் காயைத் திறந்த வயலில் யாரும் நேரில் கண்டதாகச் செய்தி இல்லை. ஜீன்கள் கலந்துகிடக்கும் விதத்தைக் கொண்டே விஞ்ஞானிகள் இதை முடிவு செய்கிறார்கள்.

கேழ்வரகைத் தாக்கும் குலைநோய்ப் பூசணமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் இரண்டு வகையறாக்களும், தாயாகும் சக்தியுள்ளவையும் தாராளமாக உண்டு. இதைக் கேட்டுக் கேழ்வரகை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கேழ்வரகுப் பூசணம் பொதுவாக நெல்லைத் தாக்குவதில்லை. ஆயினும் வீட்டு வாசலில் வந்து நிற்கக்கூடிய தூரத்து உறவு அது என்பது நினைவில் இருக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. சம்பந்தம் இல்லாமலும் குலைநோய்ப் பூசணம் மாறும். ஒரு ஜீன் தானாகக் கெட்டுப்போனாலோ உதிர்ந்துபோனாலோ புது இனம் தோன்றலாம். ஆனால் அது ஒவ்வொரு படியாக ஏறுவது. சம்பந்தம் நடந்தாலோ ஒரே தாவில் பல படிகளைக் கடந்துவிட முடியும்.

கலப்பில் பிறந்த கோதுமை நோய்

தாவினால் என்ன ஆகும் என்பதற்குக் கோதுமை சாட்சி. 1985-க்கு முன் கோதுமையில் குலைநோய் என்பதை உலகம் அறிந்ததில்லை. அந்த ஆண்டில் பிரேசில் நாட்டுப் பரானா மாநிலத்தில் அது முதன்முதலாகத் தோன்றியது. புல்வகைகளில் தனித்தனியே வாழ்ந்த பூசணக் கிளைகள் தமக்குள் சம்பந்தம் செய்துகொண்டதில்தான் கோதுமையைத் தாக்கும் வகை பிறந்தது என்றும், அந்தக் கலப்பு ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்றும் 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது.

பிறந்த பிள்ளை ஊரோடு இருக்கவில்லை. 2016-ல் வங்கதேசத்தில் சுமார் 15,000 ஹெக்டேர் கோதுமையைத் தாக்கியது. எல்லைக்கு இந்தப் பக்கம் வந்துவிடும் என்று அஞ்சி, மேற்கு வங்க அரசு 2017-ல் முர்ஷிதாபாத், நதியா மாவட்டங்களில் இரண்டு ஆண்டுகளுக்குக் கோதுமைச் சாகுபடியை நிறுத்தி வைத்தது. 2018-ல் ஆப்பிரிக்காவில் சாம்பியா நாட்டிலும் நோய் காணப்பட்டது. வங்கதேசத்தில் பரவியதும் சாம்பியாவில் பரவியதும் ஒரே தாயின் அச்சுகளே. அந்தப் பூசணம் ஆப்பிரிக்கக் கேழ்வரகுப் பூசணத்துடன் சோதனைச்சாலையில் இணைகிறது என்பதும் நிரூபிக்கப்பட்டுவிட்டது. வயலில் அது நடந்தால் வேறென்ன பிறக்கும் என்று விஞ்ஞானிகள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

சம்பந்தத்தைத் தடுத்தால் பலன் உண்டு என்பதற்கும் கோதுமையிலேயே உதாரணம் இருக்கிறது. கோதுமையின் தண்டுத் துருநோய்ப் பூசணம் சம்பந்தம் செய்துகொள்வது கோதுமையில் அல்ல, பார்பெரி என்ற முட்செடியில். அமெரிக்க அரசு 1918-ல் தொடங்கி அந்தச் செடியைக் கோடிக்கணக்கில் வெட்டி அழித்தது. அதன் பிறகு அங்கே தண்டுத் துருநோயில் புது இனங்கள் தோன்றுவது குறைந்தது. நெல் குலைநோய்க்கு அப்படி வெட்டி எறிய ஒரு செடி இல்லை. ஆகவே வேறு வழியில் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு கண்மாய்க்கு ஒரே இரகமா?

அந்த வேறு வழியைச் சீன விவசாயிகள் செய்து காட்டினார்கள். யுன்னானில் ஒட்டும் தன்மையுள்ள ஓர் உள்ளூர் நெல் விலை போவது, ஆனால் குலைநோய்க்கு எளிதில் ஆளாவது. 1998-ல் 812 ஹெக்டேரிலும், 1999-ல் 3,342 ஹெக்டேரிலும், நோய் தாங்கும் வீரிய ஒட்டு நெல்லுக்கு இடையிடையே அந்த நெல்லை வரிசையாக நட்டார்கள். தனியாக நட்ட வயல்களைவிடக் கலந்து நட்ட வயல்களில் உள்ளூர் நெல்லில் குலைநோய் 94 சதவீதம் குறைந்தது. அந்த நெல்லின் மகசூல் 89 சதவீதம் கூடியது. சோதனை முடிவதற்குள் அங்கே குலைநோய்க்கு மருந்து தெளிப்பதையே நிறுத்திவிட்டார்கள். இந்த முடிவுகள் 2000-ல் உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியாயின. இரண்டு வகையறாக்களும் உள்ள, சம்பந்தம் நடக்கக்கூடிய யுன்னானிலேயே இது பலித்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதன் காரணம் விளங்காதது அல்ல. ஒரு கண்மாய் ஆயக்கட்டு முழுவதும் ஒரே இரகம் நின்றால், அதை வெல்லும் பூசணம் ஒன்று வந்தால் போதும். தடையின்றி வரப்புக்கு வரப்பு தாண்டிவிடும். அது சம்பந்தத்தில் பிறந்ததா, தானாக மாறியதா என்ற வித்தியாசம் அப்போது பயனற்றது. இரகங்கள் மாறி மாறி நின்றால், ஒரு வித்து பறந்து போய் விழும் அடுத்த இடம் அதற்கு ஒத்துவராத இடமாக இருக்கும். புது இனம் பிறந்தாலும் பெருக இடம் கிடைக்காது. பூசணத்தின் சம்பந்தத்தை விவசாயி தடுக்க முடியாது. பிள்ளைக்குச் சோறு போடாமல் இருக்க முடியும்.

“சொல்வது எளிது, நடப்பது கடினம்” என்று கீரனூர் விவசாயிகள் மறுக்கலாம். அந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. கலந்து நட்டால் அறுவடை இயந்திரத்துக்கு ஒத்துவராது. நெல்லும் கலந்துவிடும், வியாபாரி விலையைக் குறைப்பார். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் வரிசைக்கு ஒரு இரகம் நட முடியாது. கண்மாயில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்ற கணக்கும் இருக்கிறது.

ஆகவே ஒரு வயலுக்குள் கலக்க வேண்டியதில்லை. ஆயக்கட்டுக்குள் கலந்தால் போதும். ஒரே வயதுள்ள இரண்டு அல்லது மூன்று இரகங்களைத் தேர்ந்துகொண்டு, மடைவாரியாக மாற்றி நடலாம். நாற்று ஒரே சமயத்தில் விடலாம், தண்ணீரும் ஒரே சமயத்தில் முடியும், இயந்திரமும் ஒரே வாரத்தில் வரும். சீனாவில் கிடைத்த அளவு பலன் இதில் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் ஊர் முழுவதும் ஒரே நாளில் படுத்துவிடும் ஆபத்து குறையும் என்பதில் ஐயமில்லை. ஒரு கண்மாய்க்குத் தண்ணீர் பங்கிட ஊர் கூடிப் பேசும் வழக்கம் உண்டென்றால், இரகம் பங்கிடவும் ஊர் கூடிப் பேசலாம்.

அரசு செய்ய வேண்டியது

பொறுப்பு முழுவதையும் விவசாயியின் தலையில் கட்டுவது நியாயமல்ல. மூன்று இரகம் நடச் சொன்னால், மூன்று இரகத்தின் சான்று பெற்ற விதையும் வேளாண்மை விரிவாக்க மையத்தில் பட்டத்துக்கு முன்பே இருக்க வேண்டும். இருக்கும் ஒரே இரகத்தைக் கொடுத்துவிட்டுப் பல இரகம் நடுங்கள் என்று உபதேசம் செய்வதில் பயன் இல்லை.

இரண்டாவதாக, பூசணத்தைக் கணக்கெடுக்க வேண்டும். கால்நடைக்குக் கணக்கெடுப்பு உண்டு, கிணற்றுக்குக் கணக்கெடுப்பு உண்டு. ஒவ்வொரு வட்டாரத்திலும் குலைநோய்ப் பூசணம் எந்த வகையறா, இரண்டும் சேர்ந்து வந்துவிட்டனவா, தாயாகும் சக்தி உடையவை தலைகாட்டுகின்றனவா என்ற கணக்கும் ஆண்டுதோறும் வேண்டும். வகையறாவைக் கண்டுபிடிக்கும் ஜீன் சோதனை இன்று ஆராய்ச்சிக்கூடங்களுக்குச் சாதாரண வேலை. கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும் இந்த மாநிலத்தில் இருக்கின்றன. புதுக்கோட்டை மாவட்டத்திலேயே குடுமியான்மலையில் வேளாண்மைக் கல்லூரியும், வம்பனில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. விவசாயி கொண்டுவரும் நோய்ப்பட்ட இலையை வாங்கிச் சோதித்து, முடிவை அவருக்கு விளங்கும் தமிழில் சொல்லும் ஏற்பாடு ஏன் கூடாது? ஆராய்ச்சிக் கட்டுரையில் அச்சாகும் முடிவு கீரனூர் மடைக்கு வந்து சேராவிட்டால், அதனால் யாருக்கு லாபம்?

மூன்றாவதாக, விதைப் போக்குவரத்து. குலைநோய்ப் பூசணம் விதையில் ஒட்டிக்கொண்டும் பயணம் செய்யும். எதிர் வகையறா ஓர் ஊருக்கு வந்து சேர இதுவும் ஒரு வழி. வெளிமாநிலத்திலிருந்து சீட்டில்லாத மூட்டைகளில் வரும் விதையின் மீது கண்காணிப்பு இறுக வேண்டும்.

இந்தப் பட்டத்திலேயே செய்யக் கூடியவை

அரசு அசையும்வரை விவசாயிகள் காத்திருக்க வேண்டியதில்லை. கைக்காசு அதிகம் போகாமல் செய்யக் கூடியவை சில உண்டு.

நோய் கண்ட வயலின் நெல்லை விதைக்கு எடுக்கக் கூடாது. விதைக்கு முன் ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் சூடோமோனாஸ் கலந்து விதை நேர்த்தி செய்ய வேண்டும்.

யூரியாவை ஒரே தடவையில் அள்ளி வீசுவதை நிறுத்த வேண்டும். தழைச்சத்து மிகுந்து கரும்பச்சையாக நிற்கும் பயிரையே குலைநோய் முதலில் பிடிக்கும். இலை வண்ண அட்டையைப் பார்த்து, தவணை முறையில் பிரித்து இடுவது உரச் செலவையும் குறைக்கும்.

தண்ணீர் இருக்கும்வரை வயலைக் காயவிடக் கூடாது. காய்ந்த வயலில் குலைநோய் அதிகம். வரப்பிலும் வாய்க்காலிலும் உள்ள புல்பூண்டுகளை நடவுக்கு முன்பே செதுக்கிவிட வேண்டும். குலைநோய்க் குடும்பத்துப் பூசணங்களுக்குப் புல்வகைகள் புகலிடம்.

கதிர் வரும் சமயத்தில் பனியும் மேகமூட்டமும் சேர்ந்தால், தினம் காலையில் வயலைச் சுற்றிப் பார்க்க வேண்டும். புள்ளி கண்டதும் வேளாண்மை அலுவலரின் யோசனைப்படி மருந்து தெளிக்கலாம். கழுத்து ஒடிந்த பிறகு தெளிக்கும் மருந்து கடைக்காரருக்கு மட்டுமே லாபம்.

எந்த வயலில் எந்த இரகம் நின்றது, நோய் எப்போது வந்தது, எவ்வளவு போயிற்று என்பதை ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது. இரகம் தோற்பதை முதலில் காட்டுவது அந்த நோட்டுதான்.

குலைநோய்ப் பூசணம் தன் சம்பந்த முறையை எல்லா வயலிலும் இன்னும் மீட்டுக்கொள்ளவில்லை. பெரும்பாலான நெல் வயல்களில் அது துணையின்றித் தனியாகவே திரிகிறது. இந்த அவகாசம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எதிர் வகையறா வந்து சேரும் நாளில் ஆயக்கட்டு முழுவதும் ஒரே இரகம் நிற்குமானால், 1919-ல் தஞ்சைக்கு நேர்ந்தது கீரனூருக்கும் நேரலாம். அடுத்த நடவுக்கு நாற்றங்கால் தயாராவதற்கு முன், கண்மாய்க் கரையில் ஊர் கூடி, யார் யார் எந்த இரகம் என்று பேசி முடிவு செய்வதே அதற்கு முதல் மருந்து. அந்த மருந்துக்குக் காசும் ஆகாது.